மூச்சை எண்ணக் கற்பிப்பது

பிறந்து இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது ஆபத்தின் அறிகுறி. இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பது எல்லை. கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான வகுப்புகளில் சில ஆண்டுகள் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்ய எவருக்கும் அதிக நேரம் ஆவதில்லை, தேர்வுத்தாளில் யாரும் தவறுவதுமில்லை. ஆனால் சட்டையை விலக்கி, அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும் நேரம் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் எண்ணுவது வேறு வேலை. பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக வராது. சில நொடிகள் நின்று பிறகு வேகமெடுக்கும். ஆகவே அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். 60-ஐத் தொட்டால் மீண்டும் ஒரு முறை எண்ண வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான்.

இதை ஒழுங்காகக் கற்பித்தவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இருக்கிறார்கள். மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 1986-இல் தொடங்கிய 'சர்ச்' (SEARCH) என்ற தொண்டு அமைப்பு, எழுத்தறிவில்லாத மருத்துவச்சிகளும் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியை உருவாக்கியது. ஒரு நிமிட மணற்கடிகை, அதன் அருகே கம்பியில் கோத்த மணிகள், அவ்வளவே. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியின் முறை வந்துவிட்டால் மூச்சு வேகமாக இருக்கிறது என்று பொருள். பணியாளரின் கல்வித் தகுதியை உயர்த்துவதற்குக் காத்திராமல், கருவியை அவருடைய கைக்கு ஏற்றதாகச் செய்தது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது.

அதே அமைப்பு 1990-களில் 39 கிராமங்களில் ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தது. எடை பார்ப்பது, உடல் சூட்டைக் காப்பது ஆகியவற்றோடு, மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைக்கு உதவுவதையும், கிருமித்தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போடுவதையும்கூட அவர்கள் செய்தார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, 1998 வாக்கில் ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. இந்த முடிவுகள் 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. கிராமத்துப் பெண் ஊசி போடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவது வழக்கம். 2011-இல் இந்திய அரசு இந்த வீட்டுப் பராமரிப்பு முறையை 'ஆஷா' எனப்படும் கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்கள் வழியாக நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது அதன் அட்டவணை. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டுமே இருப்பதால், சமவெளியில் இந்தச் சுமை கிராம சுகாதார செவிலியர்களின் தோளில்தான் விழுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கருவி தானியங்கி என்பதால் இதில் கற்பிக்க அதிகமில்லை என்று நினைப்பது தவறு. வயலிலிருந்து அப்போதுதான் வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் பார்த்தாலும், கையைத் தொங்கவிட்டபடி பார்த்தாலும், பேசிக்கொண்டே பார்த்தாலும் அளவு கூடிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அப்படித்தான். பெரிய பட்டை பையில் இல்லாவிட்டால் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

பயிற்சிக்கு நிதி ஒதுக்குவோர் கையேடுகளை அச்சடிப்பதில் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கையாவது பட்டை, மின்கலம், சர்க்கரைப் பரிசோதனைத் தாள், எடைத்தராசு ஆகியவற்றின் மாதாந்திர வழங்கலில் காட்டலாம். இன்னொன்றும் உண்டு. வகுப்பில் கற்ற திறமை, பயன்படுத்தாத சில மாதங்களில் மங்கிவிடும்; மூச்சுத்திணறலுக்கு முகமூடியும் பையும் வைத்துக் காற்றூட்டுவது போன்ற, அபூர்வமாகவே தேவைப்படும் திறமை இன்னும் விரைவாக மங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் எப்படியும் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. அதில் பதிவேடு சரிபார்ப்பதற்கு முன்பாக அரை மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொருவரும் பொம்மைக் குழந்தையின் மீது ஒரு முறை காற்றூட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்தால், அதற்குத் தனி அரசாணைகூடத் தேவைப்படாது. மருத்துவ அலுவலர் மனம் வைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.