ஓரிகனில் கட்டியது, குயின்ஸ்லாந்தில் பறக்க வேண்டியது

2023 ஏப்ரல் 11

ஆர்.வி.-6 விமானத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். இரண்டு இருக்கை, லைகமிங் ஓ-320 எஞ்சின். வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் உதிரிப்பாகத் தொகுப்பை வாங்கி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெரியவர் தம் வீட்டு கராஜில் கட்டியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பறந்திருக்கிறது. அந்த அனுபவத்துக்கு நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் பெரிய மதிப்பில்லை. தொழிற்சாலையில் செய்த விமானம் என்றால் அமெரிக்காவின் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஏற்றுமதித் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும். அமெச்சூர், அதாவது தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் கட்டுகிறவர், கட்டிய விமானத்துக்கு அது கிடையாது. இங்கே எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து மெய்ப்பிக்க வேண்டும்.

ஏப்ரல் 20

இப்படிப்பட்ட விமானம் இங்கே பறக்க சோதனை வகை ('எக்ஸ்பெரிமென்டல்') சான்றிதழ் வேண்டும். அதைத் தருபவர், ஆஸ்திரேலிய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.ஏ.எஸ்.ஏ. அங்கீகரித்த தனிநபர் ஒருவர். அவரிடம் தொலைபேசியில் பேசினேன். எஞ்சினைப் பற்றியோ பறந்த மணிகளைப் பற்றியோ கேட்கவில்லை. "யார் கட்டினார்கள், அதற்கு என்ன ஆதாரம்?" இதுதான் முதல் கேள்வி. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கையால், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ நடந்திருக்க வேண்டும். காசு கொடுத்து ஒரு பட்டறையில் கட்ட வைத்த விமானம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த வகைக்குள் வராது.

விந்தையான விதி என்று முதலில் எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தொழிற்சாலைகளுக்கான கெடுபிடிகள் இல்லாமல் பறக்கலாம் என்ற சலுகை, கற்றுக்கொள்வதற்காகக் கட்டுகிறவனுக்குக் கொடுத்தது. அதை வியாபாரி எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏப்ரல் 27

பெரியவரின் மின்னஞ்சல் வந்தது. அவர் 8130-12 என்ற எஃப்.ஏ.ஏ. படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழியின் நகல், கட்டுமானக் குறிப்பேடு, பிலிம் கேமராவில் எடுத்துப் பின்னர் ஸ்கேன் செய்த புகைப்படங்கள். ஒரு படத்தில் பாதி முடிந்த சுக்கான் சாப்பாட்டு மேசை மேல் கிடக்கிறது. பின்னால் அவர் மனைவி இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அந்தப் பார்வையை என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் தேதி எழுதியிருக்கிறார். சரியில்லாத ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து மறுபடி அடித்ததைக்கூடக் குறித்து வைத்த மனிதர். எஞ்சினை விட இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் நான் கூடுதல் விலை கொடுத்திருப்பேன்.

மே 16

கன்டெய்னரில் ஏற்றியாகிவிட்டது. நாற்பது அடி நீளம் போதுமானது, அகலம்தான் தடை. இறக்கைகளையும் வால் பகுதியையும் கழற்றினார்கள். ஆர்.வி.-6இன் இறக்கை அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கானதல்ல. மையத் தண்டில் இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பையில் போடச் சொன்னேன்.

மே மாதம் வரை காத்திருந்ததற்குக் காரணம் ஒரு பூச்சி. பழுப்பு நாற்றப் பூச்சி ஒளிந்து வந்துவிடும் என்று, செப்டம்பர் முதல் ஏப்ரல் முடிய அமெரிக்காவிலிருந்து ஏற்றும் சரக்குகளுக்கு ஆஸ்திரேலியா புகையூட்டல் போன்ற சிகிச்சை கேட்கிறது. விமானத்தின் உள்ளே அந்த வாயு புகுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஜூலை 6

பிரிஸ்பேன் துறைமுகம். உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி சக்கர மூடிகளுக்குள் விளக்கடித்துப் புல் விதை தேடினார். பெரியவர் கழுவித்தான் அனுப்பியிருந்தார். பத்து சதவீத ஜி.எஸ்.டி., கப்பல் கூலியையும் சேர்த்த தொகையின் மேல். சரக்கு முகவர் ஒருவர் ரசீதில் சேர்த்திருந்த "சிறப்புக் கையாளல்" கட்டணத்தைப் பற்றி எழுதினால் இரவு தூக்கம் கெடும்.

ஆகஸ்ட் 14

அமெரிக்காவின் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியது, ஆஸ்திரேலிய விமானங்களுக்கான வி.எச். பதிவு எழுத்துகள் வந்துவிட்டன. அதோடு மின்னணுக் கருவிகளின் குடியுரிமையும் மாற வேண்டும். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் அமெரிக்கக் குறியீடு ஏ என்ற எழுத்தில் தொடங்கும், இங்கே 7சி. விபத்தில் செயற்கைக்கோளை அழைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியை ஆஸ்திரேலியாவின் நாட்டு எண்ணான 503-க்கு மாற்றிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் நான் இங்கே விழ, அபாய அழைப்பு முதலில் அமெரிக்காவுக்குப் போகக்கூடும். பெரியவர் ஆசையோடு பொருத்திய 978 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.எஸ்.-பி. பெட்டியை (விமானத்தின் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி) கழற்றினேன். அந்த அலைவரிசை அமெரிக்க ஏற்பாடு; இங்கே 1090தான்.

செப்டம்பர் 9

இறக்கை ஏறியது. கையெழுத்துப் போட்டவர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், நான் உதவியாள். அமெரிக்காவில் இவ்வகை விமானத்தின் பராமரிப்பு வேலையை யாரும் செய்யலாம். ஆண்டு ஆய்வுக்குத்தான் தகுதி வேண்டும். கட்டியவருக்கு அதற்கான ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைக்கும். அது விமானத்தோடு வாங்கியவருக்குக் கைமாறாது. இங்கும் கட்டியவருக்கு இருக்கும் சலுகை எனக்கு இல்லை.

எடை போட்டதில் பழைய தாளில் இருந்ததைவிடக் கூடுதல். எல்லாப் பழைய விமானங்களும் பெயிண்டிலும் வயரிலும் இப்படித்தான் பருக்கும். எரிபொருள் அட்டையில் 38 காலன் போய் 144 லிட்டர் வந்தது. வேகமானியின் சிவப்புக் கோடு மணிக்கு 210 மைலிலிருந்து 182 கடல் மைலுக்கு (நாட்) மாறியது.

அக்டோபர் 21

ஆய்வு. சான்றிதழ் தருபவர் குறிப்பேட்டைப் படித்தது, விமானத்தைப் பார்த்ததைவிட நீண்ட நேரம். சாப்பாட்டு மேசைப் படத்தைக் கண்டதும் சிரித்துவிட்டு, "போதும், இதைத்தான் தேடினேன்" என்றார். பிறகு கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நட்டுகள், எரிபொருள் குழாய்கள், 'எக்ஸ்பெரிமென்டல்' எழுத்துகள், பயணி தம் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறார் என்ற எச்சரிக்கை அட்டை.

சான்றிதழ் கைக்கு வந்தது. புதிதாகக் கட்டியதாக இருந்தால், சான்றுபெற்ற எஞ்சினும் ப்ரொபெல்லரும் உள்ளவற்றுக்கு வழக்கமாக 25 மணி, மற்றவற்றுக்கு 40 மணி சோதனைப் பறப்பு. பழைய பறப்பேடுகளைப் பார்த்து எனக்குக் குறைத்தார். அதுவரை பயணி கூடாது, குறித்த பகுதிக்குள் மட்டும், ஊர்களின் மேல் பறக்கக் கூடாது. கட்டியவர் என்ற இடத்தில் பெரியவரின் பெயர் அப்படியே இருக்கிறது. நகலை அவருக்கு அனுப்பினேன். பதிலில் வாழ்த்து ஒரு வரி. மீதியெல்லாம், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இடப்பக்க மக்னீட்டோவை எப்போது கடைசியாகத் திறந்து பார்த்தார் என்ற விவரம்.