பழைய வாஷிங் மெஷினில் டப் சீல் ஒழுகினால் முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

இருபது, முப்பது வருடம் ஓடிய ஃப்ரன்ட் லோட் மெஷின் ஒழுக ஆரம்பித்தால், பலரும் ஒரு சீல் வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் துருத்தண்ணீர் வடிகிறது. உடனே "டூப்ளிகேட் சீல்" என்று பழி போடுகிறோம். பெரும்பாலும் சீல் மேல் தப்பே இருக்காது. சீலின் உதடு எந்தப் பரப்பில் உரசி நிற்கிறதோ, அந்தப் பரப்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வழி கண்டுபிடித்துவிடும்.

அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். துணி சுழலும் டிரம்முக்குப் பின்னால் மூன்று கைகள் கொண்ட ஸ்பைடர் இருக்கும். அது அநேகமாக அலுமினிய வார்ப்பு. அதன் நடுவில் எஃகு ஷாஃப்ட். ஷாஃப்ட் ஸ்பைடரோடு சேரும் அடிப்பகுதியில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் ஒரு புஷ் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். வெளி டப்பின் பின்சுவரில் பேரிங் கூடு. டிரம் பக்கமிருந்து பார்த்தால் முதலில் சீல், அடுத்து பெரிய பேரிங், அதன் பின் சின்ன பேரிங், கடைசியில் பெல்ட் ஓடும் புல்லி. சீல் என்பது உள்ளே எஃகு வளையம் வைத்த நைட்ரைல் ரப்பர். அதன் உதட்டைச் சுற்றி நூல் கனத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் பிடியில்தான் உதடு புஷ்ஷை ஒரு மெல்லிய கோடாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் காவல் அந்தக் கோடு மட்டும்தான்.

ஒழுகுவது சீல்தானா?

மெஷினைப் பிரிப்பதற்கு முன் இதை உறுதி செய்வது பாதி வேலை. கதவு கேஸ்கெட், பம்ப், டிரெயின் ஹோஸ், ஹீட்டர் நுழையும் இடத்து ரப்பர், டப்பின் இணைப்பு என்று ஒழுகும் இடங்கள் நிறைய. எல்லாத் தண்ணீரும் கடைசியில் தரையில் ஒரே இடத்தில் வந்து தேங்கிவிடும், அதனால் தரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். சீல் போயிருந்தால் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக வந்து புல்லியில் பட்டுச் சிதறும். தகட்டின் உட்புறம் பழுப்புப் புள்ளிகள் ஒரு வட்டமாகத் தெறித்திருக்கும். டப்பின் பின்சுவரில் புல்லிக்குக் கீழே துருக்கோடு ஒன்று நேராக இறங்கியிருக்கும். பல மெஷின்களில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் சின்ன வடிகால் துளை வைத்திருப்பார்கள். கோடு தொடங்கும் இடம் அதுவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். துருவோடு கருப்பு கிரீஸும் கலந்திருந்தால் தண்ணீர் பேரிங்கைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒழுகும் நேரமும் துப்புத் தரும். துவைக்கும்போது தண்ணீர் மட்டம் பெரும்பாலும் ஷாஃப்டுக்குக் கீழேதான் நிற்கும். தண்ணீரை நிரப்பி, சுழலாமல் நிறுத்தி வைத்த நிலையிலேயே சொட்டினால் டப் இணைப்பையோ ஹோஸையோ முதலில் பாருங்கள். அலசும் சுற்றில் தண்ணீர் கூடும்போதும், ஸ்பின் தொடங்கும்போதும் மட்டும் பின்பக்கம் ஈரமானால் ஷாஃப்ட் சீல்.

கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டப்பும் டிரம்மும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடுவது இயல்பு. டிரம் மட்டும் தனியாக "டக்" என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். புது சீல் அதைத் தாங்காது. ஆட்டம் இல்லாவிட்டாலும், டப்பைப் பிரிக்கிற அளவுக்குப் போனபின் இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இதே வேலையை இன்னொரு முறை செய்ய யாருக்கும் மனம் வராது.

வாங்க வேண்டியவை

மாடல் எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பழைய மெஷின்களில் ஒரே மாடலிலேயே நடுவில் அளவு மாறியிருக்கும். பிரித்து, பழையதைத் துடைத்து, அதில் பொறித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். சீலில் 30×52×10 என்பது போல இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். கடைசி எண் 10/12 என்று இரண்டாக இருந்தால் அது படி வைத்த சீல். சாதாரண 10 மி.மீ. சீல் அதற்கு மாற்று ஆகாது. எழுத்து அழிந்திருந்தால் புஷ்ஷின் வெளி விட்டத்தையும் கூட்டின் உள் விட்டத்தையும் வெர்னியர் காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். பழைய சீலின் உள் விட்டத்தை அளக்காதீர்கள். தேய்ந்த உதடு பொய் சொல்லும்.

பேரிங் எண்கள் அநேகமாக 6204, 6205, 6206 வரிசையில் வரும். 6204 என்றால் 20×47×14 மி.மீ., 6205 என்றால் 25×52×15, 6206 என்றால் 30×62×16. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகை வாங்குங்கள். உலோக மூடி போட்ட இசட்இசட் வகை தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பழையதில் சி3 என்று இருந்தால் புதிதிலும் அதுவே வேண்டும். அது உள்ளே விடப்பட்டிருக்கும் இடைவெளியின் அளவு.

இவற்றோடு டப் இணைப்பு கேஸ்கெட், தண்ணீரில் கரையாத கிரீஸ், போல்ட் தளராமல் பிடிக்கும் நடுத்தர வலு திரெட் லாக் பசை, 400, 800, 1200 எண் எமரி தாள்கள். வாசலின் தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெந்நீர்ச் சுற்றில் அது இளகி ஓடிவிடும், வேண்டாம்.

பிரிப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். பழைய இண்டக்‌ஷன் மோட்டாரோடு கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள இடுக்கியில் பிடித்து, இரண்டு முனைகளுக்கும் குறுக்கே சில விநாடி வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்து இறக்குவது கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து.

ஒவ்வொரு ஒயரையும் கழற்றுமுன் போட்டோ எடுங்கள். எடைக் கல்லை முதலில் இறக்கிவிட்டால் டப் இலேசாகும், ஆனாலும் டப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாயை மடங்கவிடாதீர்கள். அதில் கீறல் விழுந்தால் மெஷினுக்குத் தண்ணீர் மட்டமே தெரியாது. சில பழைய உலோக டப்களில் பின்தட்டு மட்டும் தனியாகக் கழன்றுவரும். அப்படி இருந்தால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை.

புல்லி போல்ட்தான் முதல் தலைவலி. பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். ஹாட் ஏர் கன்னால் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கினால் பசை இளகும். புல்லியின் ஆரத்துக்குள் கம்பியை நுழைத்து நிறுத்தி முறுக்காதீர்கள், அலுமினிய வார்ப்பு உடைந்துவிடும். புல்லியின் விளிம்பைப் பழைய பெல்ட்டால் சுற்றிப் பிடிப்பது பாதுகாப்பு. புல்லி வந்ததும் போல்ட்டை மறுபடி ஷாஃப்டில் பாதி ஏற்றி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டி ஷாஃப்டை வெளியேற்றுங்கள். போல்ட் இல்லாமல் ஷாஃப்டின் முனையில் நேராக அடித்தால் மரை நசுங்கிப்போகும். அதன் பிறகு புல்லியை இறுக்க வழியே இல்லை.

புஷ்

டிரம் வெளியே வந்ததும் அவசரப்படாமல் இங்கே உட்காருங்கள். ஸ்பைடர் கைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியமும் எஃகு டிரம்மும் சோப்புத் தண்ணீரில் சேர்ந்தே கிடப்பதால் அலுமினியம்தான் அரிக்கும். கையில் விரிசல் இருந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்திருந்தாலோ ஸ்பைடரை மாற்றித்தான் ஆக வேண்டும். வேகமாக ஸ்பின் ஆகும்போது அது முறிந்தால் டிரம் டப்பையே கிழித்துவிடும்.

புஷ்ஷைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சீல் உதடு ஓடிய இடத்தில் பளபளப்பான வளையம் தெரியும். விரல் நகத்தை ஷாஃப்டின் நீளவாக்கில் அதன் மேல் இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கவலை இல்லை. நகம் சிக்கி நின்றால் அது பள்ளம், ஒழுகலுக்குக் காரணமே அதுதான். சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருந்தால் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்துத் துடைத்தால் வந்துவிடும்.

நகத்தில் பட்டும்படாமல் இருக்கும் சுரசுரப்புக்கு எமரி போதும். 400, அடுத்து 800, கடைசியில் 1200. தாளை நாடாவாகக் கிழித்து, புஷ்ஷைச் சுற்றிப் போட்டு, வட்டவாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் அது தண்ணீர் நடந்துவரும் பாதை ஆகிவிடும்.

நகம் சிக்கும் பள்ளத்தை எமரியால் போக்க முயன்றால் புஷ்ஷின் விட்டம் குறையும், உதட்டின் பிடி தளரும். அதற்கு வேறு வழிகள். கூட்டில் இடம் இருந்தால் புது சீலை 1 முதல் 2 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நிறுத்தலாம், உதடு தேயாத இடத்தில் ஓடும். வடிகால் துளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குக் கிடைத்தால் புஷ்ஷின் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறை போடலாம். அதன் கனம் கால் மில்லிமீட்டர் அளவில்தான் இருப்பதால் பழைய அளவு சீலே பொருந்தும். இரண்டும் ஒத்துவராவிட்டால் லேத்தில் புது புஷ் கடைந்து, சூடாக்கி ஏற்ற வேண்டும். பழைய மெஷினுக்கு ஸ்பைடர் புதிதாகக் கிடைப்பதே அரிது என்பதால், நல்ல லேத்காரரிடம் புஷ் போட்டுக்கொள்வதை நான் பெரிதும் சிபாரிசு செய்வேன்.

பேரிங்கும் சீலும்

பழைய சீலை நெம்பி எடுக்குமுன் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: அது கூட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்த முகம் டிரம்மைப் பார்க்கிறது. சாதாரண சீலில் ஸ்பிரிங் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷினுக்கென்றே வரும் சிலவற்றில் முகப்பில் கூடுதலாக ஓர் உதடு இருக்கும். அவற்றுக்குப் பழையது இருந்த விதமே சாட்சி.

பேரிங்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால், மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று எதிரெதிர் புள்ளிகளில் அடித்து இறக்குங்கள். ஒரே இடத்தில் அடித்தால் கோணிக்கொண்டு கூட்டையே விரித்துவிடும். குண்டுகள் உதிர்ந்து வெளி வளையம் மட்டும் ஒட்டி நின்றால், உலோகக் கூடாக இருக்கும்பட்சத்தில் சூடாக்கிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் வளையத்தின் உட்புறம் ஒரு வரி வெல்டிங் ஓடவிட்டு ஆறவிடுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கித் தளரும். பிளாஸ்டிக் டப்பில் இந்த இரண்டையும் செய்யக் கூடாது.

புது பேரிங்குகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். உலோகக் கூட்டை ஹாட் ஏர் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். அப்போது பேரிங் அதிகம் அடிக்காமலே உட்காரும். தட்ட வேண்டியிருந்தால் வெளி வளையத்தில் மட்டும், பழைய பேரிங்கை மேலே வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் தழும்பு போட்டுவிடும், முதல் நாளிலிருந்தே சத்தம் வரும். அடிச்சத்தம் மந்தமாக இருந்து கணீரென்று மாறினால் பேரிங் தரை தட்டிவிட்டது.

கூடு ஆறிய பிறகே சீல். வெளி விளிம்பில் சீரான அழுத்தம் கொடுத்து, குறித்து வைத்த ஆழத்துக்கு இறக்குங்கள். உதடுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் முக்கால் அளவு கிரீஸ் நிரப்பி, புஷ் மேலும் பூசுங்கள். உதடு வறண்ட நிலையில் சுழன்றால் முதல் ஸ்பின்னிலேயே கருகிவிடும். இந்த கிரீஸ் கதவு கேஸ்கெட்டில் படக் கூடாது. அது இபிடிஎம் ரப்பராக இருந்தால் தாது எண்ணெய் கிரீஸில் ஊதிப்போகும்.

ஷாஃப்டை உள்ளே விடும்போதுதான் நல்ல சீல்கள் வீணாகின்றன. ஷாஃப்டின் படியோ மரையோ உதட்டைத் தட்டி உள்பக்கம் மடக்கிவிடும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, ஷாஃப்டைச் சுற்றிக் கூம்பாக வைத்து, கிரீஸ் தடவி, அதன் மேல் வழுக்கி இறக்குங்கள். உதடு புஷ் மேல் ஏறியதும் பட்டையை உருவிவிடலாம்.

டப் இணைப்பு போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கெட் பள்ளத்தில் பழைய சோப்புப் படிவு ஒரு துணுக்கு இருந்தாலும் அங்கே சொட்டும். சிலிக்கான் போட்டே ஆக வேண்டும் என்றால் புளிப்பு வாடை அடிக்காத வகை. வாடை அடிப்பதில் வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். சுழலும் சீலில் சிலிக்கான் பூசுவது எந்தக் காலத்திலும் வேலைக்கு ஆகாது.

இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் இந்த வேலையை ஸ்பின் தொட்டிக்கு அடியில் இருக்கும் மடிப்பு ரப்பர் பெல்லோஸ் செய்கிறது. அங்கேயும் கதை இதேதான்: ரப்பர் கிழிவதை விட, நடுவில் ஷாஃப்டைப் பிடிக்கும் புஷ் தேய்வதால் ஒழுகுவதே அதிகம். அதில் ஒரு கூடுதல் ஆபத்து, ஸ்பின் மோட்டார் நேர் கீழே இருக்கிறது. சொட்டுவதைப் பார்த்த அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். மோட்டார் நனைந்திருந்தால் நன்றாக உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் துணி இல்லாமல் குளிர்ந்த தண்ணீரில் அலசும் சுற்று. வடிகால் துளைக்குக் கீழே டப்பின் சுவரில் ஒரு டிஷ்யூ தாளை ஒட்டிவையுங்கள், ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுக்கும். பின்தகடு திறந்திருக்கும்போது மெஷின் ஓடினால் கை கிட்டவே போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தாளைத் தொட வேண்டும். அடுத்து 60 டிகிரி வெந்நீரில் ஒரு சுற்று, பிறகு முழு வேக ஸ்பின். மூன்றிலும் தாள் காய்ந்திருந்தால் தகட்டை மூடலாம். வெந்நீர்ச் சுற்றில் மட்டும் ஈரமானால், பெரும்பாலும் உதடு மடங்கியிருக்கும் அல்லது சீல் கோணலாக இறங்கியிருக்கும்.

பிதுங்கிய கிரீஸ் முதல் இரண்டு துவையலில் கருப்புக் கறையாக ஒட்டும் வாய்ப்பு உண்டு, பழைய துணிகளைப் போட்டு ஓட்டுங்கள். சோப்புத்தூளை அளவோடு போடுங்கள். நுரை தண்ணீர் மட்டத்தைத் தாண்டி ஷாஃப்ட் வரை ஏறி நிற்கும், உதட்டிலுள்ள கிரீஸைக் கழுவுவது அதுதான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினாக இருந்தால் உதடு புஷ்ஷோடு ஒட்டியிருக்கும். நேராக ஸ்பின்னில் போடாமல், தண்ணீர் விட்டு, டிரம்மைக் கையால் பத்து இருபது சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள்.