தேவிபட்டினத்தில் நனைந்த புடவை

அம்மா ராமேசுவரத்துக்கு மூன்று முறை போயிருக்கிறாள். மூன்றும் கணக்கில் சேராது என்பது அவளுடைய தீர்மானம். முதலில் உப்பூர்ப் பிள்ளையார், அடுத்து தேவிபட்டினத்து நவபாஷாணம், பிறகு திருப்புல்லாணி, சேதுக்கரை, அதற்கப்புறம்தான் ராமநாதசுவாமி. இந்த முறையை விட்டுவிட்டு நேரே போனால் அது யாத்திரை இல்லை, வெறும் பயணம் என்பாள். அதனால் இந்த ஆனியில் முறைப்படியே கிளம்பினோம்.

உப்பூரில் அதிக நேரம் நிற்கவில்லை. அங்கே இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். தட்சன் வேள்விக்குப் போன பழி தீரச் சூரியன் வந்து வணங்கிய இடம் என்கிறது தலபுராணம். பெயருக்கு ஏற்றபடி காலை ஏழு மணிக்கே கல்தரை சுட்டது. ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு ஓடி வந்து காரில் ஏறிக்கொண்டோம்.

ராமநாதபுரத்திலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர் அளவில், பாக் விரிகுடாவின் கரையில் இருக்கிறது தேவிபட்டினம். மகிஷாசுரனைத் தேவி வதைத்த இடம் என்பதால் வந்த பெயர். ஊருக்குள் நுழையும்போது முதலில் எதிர்கொள்வது கருவாட்டு வாசனைதான். பள்ளிவாசல் மினாரைத் தாண்டி, வலை காயும் சந்துகளைத் தாண்டிப் போனால் கடல். ‘சேது’வைக் காப்பவர் என்பதையே தங்கள் பட்டமாக வைத்துக்கொண்ட சேதுபதிகளின் சீமை இது. இங்கே வழிபோக்கர்கள் புதியவர்கள் அல்ல. எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவபாஷாணம் என்றதும் பலருக்குப் பழநி நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே சொல்லப்படுவது போகர் சேர்த்த ஒன்பது மருந்துச் சரக்கு. இங்கே பாஷாணம் என்றால் கல். இலங்கைக்குப் புறப்படுமுன் ராமர் ஒன்பது பிடி மணலெடுத்து நவக்கிரகங்களாக வைத்தார் என்பது ஐதீகம். விமானம் கிடையாது, கருவறை கிடையாது. கடலுக்குள் ஒன்பது கல், ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று சாய்ந்தாற்போல். ஒரு கிரகத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமை இல்லாததுபோலவே கற்களுக்கும் இல்லை. நீர் ஏறினால் மறைந்துகொள்ளும், வற்றினால் எட்டிப் பார்க்கும். சுற்றி வர இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். நான் அதில் நின்றேன். அம்மா கேட்கவில்லை, தண்ணீரில் இறங்கி, நவதானியத்தைத் தூவி, ஒன்பது சுற்றும் சுற்றினாள். முழங்காலளவு நீரில் எழுபது வயதுக்காரி தடுமாறாமல் நடந்தாள் என்றால், அதற்கு அந்தக் கடலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அலை என்று ஒன்று இல்லவே இல்லை. குளத்துக்கு உப்புப் போட்டாற்போல் கிடந்தது.

ராமர் கற்களை வைக்கும்போது அலை அடித்துக்கொண்டு போனதாம். பெருமாளை வேண்டிக்கொள்ள, அவர் கடலை அடக்கிக் கொடுத்தாராம். அதனால் இங்கே அவருக்குக் கடலடைத்த பெருமாள் என்றே பெயர். “அன்றைக்கு அடங்கியது இன்றுவரை எழவில்லை பார்” என்றாள் அம்மா.

கரையோரம் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள் அம்மா. வாடைக்காற்று எழுந்தால் இதே கடல் வள்ளத்தைத் தூக்கிக் கரையில் போடும். இப்போது அடிப்பது தெற்குக் காற்று, அது இந்தப் பக்கத்துக்கு ஒன்றும் செய்யாது.” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது நாட்டுப்படகு, தடை அதற்குக் கிடையாது. ஆனால் விசைப்படகு இறங்கிவிட்டால் நண்டுக்குப் போட்ட வலை மறுநாள் இருக்கிற இடத்தில் இருக்குமா என்பதே சந்தேகம் என்றார். பேசிக்கொண்டே வலையிலிருந்து ஒன்றை உருவிப் பின்னால் எறிந்தார். நண்டு இல்லை. சாயம் போன வேட்டித் துண்டு. அதற்கு முன்பே அங்கே ஒரு குவியல் கிடந்தது.

குளித்த துணியைக் கடலிலேயே விட்டால் தோஷம் அதோடு போகும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கென்றே பழைய சுங்குடிப் புடவை ஒன்றை உடுத்தி வந்திருந்தாள். அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நம் சனி இவர்கள் வலைக்கு எதற்கு?” என்று முணுமுணுத்துவிட்டு, உடை மாற்றி வந்து ஈரப்புடவையைப் பிழிந்து பையில் திணித்தாள்.

திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறார். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று; திருமங்கையாழ்வார் பாடியது. கடலரசன் வழிவிட வேண்டுமென்று மூன்று நாள் கிடந்த கோலம். கடலரசன் வரவில்லை, அம்பை எடுத்த பிறகே வந்தான். காலையில் பார்த்தது சொன்ன பேச்சுக் கேட்ட கடல், இது மூன்று நாள் காக்க வைத்த கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை.

சேதுக்கரைக்குப் போனதும் விஷயம் விளங்கியது. அது மன்னார் வளைகுடா. காலையில் அந்தப் பெண்மணி சொன்ன அதே தெற்குக் காற்று இங்கே நேராக மோதியது. அலை சுருண்டு வந்து விழ, கடலைப் பார்த்தபடி நிற்கும் அனுமார் சந்நிதி வரைக்கும் சாரல் தெறித்தது. ராமேசுவரம் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசியில் வடக்குக் கடல் ஆடும்போது தெற்கு அடங்கியிருக்கும். புராணம் எழுதியவர் ஆனி மாதம் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா ரசிக்கவில்லை.

இங்கே அவள் இறங்கவில்லை. சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு, எனக்கும் தெளித்தாள். ராமேசுவரம் போகும் வழியெல்லாம் காரின் பின் கண்ணாடியில் அந்தச் சுங்குடிப் புடவை காய்ந்துகொண்டு வந்தது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது.