எதிர்வீட்டுப் பையனுக்கு வெட்டு விழுந்த பிறகு

2024 ஆடி மாதம். எங்கள் வடசென்னைத் தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கும் எதிர்வீட்டுப் பையனை ராத்திரி வெட்டிவிட்டார்கள். மாமூல் கேட்டிருக்கிறார்கள், இவன் தரவில்லை. அலறல் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. என் வீட்டுக் கதவும்தான். நான் இறங்கிப் போக ஐந்து நிமிடம் ஆனது. அது இன்னும் உறுத்துகிறது.

108 ஆம்புலன்ஸில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏ.ஆர். (காயம் எப்படி ஏற்பட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேடு) போடும்போது எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். அவன் அம்மா பயத்தில், "மாடிப்படியில விழுந்துட்டான் சார்" என்றார். அவர் கையைப் பிடித்து, "அக்கா, இங்க சொல்றதுதான் கேஸுக்கு முதல் பேப்பர்" என்றேன். அப்புறம் பையனே வாய் திறந்தான்: இரண்டு பேர், கத்தி. அப்படியே எழுதினார்கள். விழுந்தான் என்று பதிவாகியிருந்தால், கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். நம் தெருக்களில் எத்தனையோ வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் சாகின்றன.

மறுநாள் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 173(4) பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நாலாம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். காப்பி இலவசம், கேட்டு வாங்குங்கள்.

சாட்சி சேர்ப்பதுதான் பெரும்பாடு. பார்த்தவர்கள் ஆறேழு பேர், "ஸ்டேஷன் வாசல் மிதிக்க மாட்டோம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டியவர்கள் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்கே வந்து கேட்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்கக் கூடாது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று பெண்களும் ஒரு பெரியவரும் சரி என்றார்கள். எஸ்.ஐ. அவரவர் வீட்டுக்கு வந்து தனித்தனியாகக் கேட்டு எழுதினார். ஒரே நாளில் நாலு பேர் என்பதால் யார் மீதும் தனியாகக் கண் விழவில்லை.

தெருமுனை விளக்கு மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தது. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு நாங்கள் மாற்றி மாற்றிப் போன் செய்து, அதையும் எரிய வைத்தோம்.

வழக்கு நடக்கிறது. பையன் கடையைத் திறந்துவிட்டான். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டால், நாலைந்து வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறது.