பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலும் வெளியூர்க்காரங்க வலிப்பு மாத்திரையும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மெடிக்கல்ல நான் பார்மசிஸ்ட். டி.ஃபார்ம் முடிச்சதுல இருந்து பெரும்பாலும் இதே கவுண்டர்தான். பஸ் ஸ்டாண்ட் கடைன்னா வர்றவங்கள்ல பாதி பேர் வெளியூரு, நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வடமதுரைன்னு எல்லாப் பக்கமிருந்தும் வருவாங்க. அதுல வலிப்பு மாத்திரை வாங்குறவங்க கொஞ்சம் தனி ரகம். கடையில ஆள் இருந்தா கிட்ட வரமாட்டாங்க, ஓரமா நின்னு கூட்டம் கொறைஞ்சதும் வந்து காலி அட்டைய மடிச்சு கைக்குள்ள வச்சு காட்டுவாங்க, மாத்திரை பேரை வாயால சொல்லமாட்டாங்க. இவ்வளவு தூரம் ஏன் வர்றாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல, டாக்டரைப் பாக்க வந்தவங்க அப்படியே வாங்கிட்டுப் போறாங்க போலன்னு நெனச்சுட்டேன். 2020 மார்ச்ல பஸ்ஸை நிறுத்தினப்பதான் வெளங்குச்சு.

மார்ச் 22 ஞாயித்துக்கிழமை ஊரடங்கு, 24 சாயங்காலம் ஆறு மணியில இருந்து நம்ம ஸ்டேட்ல 144, அன்னிக்கு ராத்திரியே பிரதமர் டிவில வந்து 21 நாளுன்னு சொல்லிட்டார். அந்த ரெண்டு நாளும் கடையில நிக்க இடமில்ல, மாஸ்க் இருக்கா சானிடைசர் இருக்கான்னு ஒரே சத்தம், ஒருத்தர் வந்து கொரோனாவுக்கு நல்லதுன்னு டிவில சொன்ன அந்த மலேரியா மாத்திரை, ஹைட்ராக்சிகுளோரோகுவின், அம்பது குடும்மான்னு கேட்டார், யாருக்குங்க காய்ச்சல்னு கேட்டா யாருக்கும் இல்லயாம், சும்மா வீட்ல இருக்கட்டுமாம். (26ஆம் தேதி அதுக்கு அரசாங்கமே கடிவாளம் போட்டுருச்சு. வலிப்பு இருக்கிறவங்க அதை டாக்டர் சொல்லாம தொடவே கூடாது.) அவ்வளவு கூட்டத்துல நம்ம வலிப்பு மாத்திரை ஆளுங்க ஒருத்தரையும் காணோம். வந்திருப்பாங்க, நின்னு பாத்துட்டு அப்படியே கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருப்பாங்க.

ஒரு வாரத்துல போன் வர ஆரம்பிச்சுது, பில்லுல நம்பர் இருக்கே. எல்லாரும் மெதுவா பேசுறாங்க, வீட்டுக்கு வெளிய வந்து பேசுறாங்கன்னு காத்து சத்தத்துலயே தெரியுது. "உங்க ஊர்லயே ரெண்டு மெடிக்கல் இருக்கே, அங்க வாங்கிக்கலாமே"ன்னு நானும் வெவரம் புரியாம சொன்னேன். ஒரு அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தக் கடைக்காரப் பையன் என் மச்சினன் கூட படிச்சவன்மா"ன்னார். அப்பத்தான் உறைச்சுது. இவங்க முப்பது நாப்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தது மாத்திரைக்காக மட்டும் இல்ல, யாருக்கும் தெரியாத கடைக்காகவும்தான்.

பிரஷர் மாத்திரை ரெண்டு நாள் விட்டா கூட சமாளிச்சுக்கலாம்னு சனங்க நெனைக்கறாங்க, அதுவே தப்பு, ஆனா வலிப்பு மாத்திரைய திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்புல கொண்டுபோய் விட்டுரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காம போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. தனியார் கம்பெனி வாட்ச்மேன் ஒருத்தர், எப்டாயின்ங்கற வலிப்பு மாத்திரை ஒரு நாளைக்கு மூணு போடுறவர், ஊரடங்கு எப்ப முடியும்னு தெரியலன்னு தானாவே ரெண்டாக்கி அப்புறம் ஒண்ணாக்கிட்டார். சிக்கனமாம். ஒன்பதாவது நாள் வீட்டு வாசல்ல விழுந்து மண்டையில தையல். அதுக்கப்புறம் விட்டதுக்கெல்லாம் சேத்துப் போடவான்னு வேற கேக்குறார், ஐயோ சாமின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். எப்டாயின் கொஞ்சம் கூடினாலே ரத்தத்துல சரசரன்னு ஏறிரும், நடை தள்ளாடும், கண்ணு ஆடும். அதனாலதான் ஏஜென்சில ஸ்டாக் இல்லன்னு அதே மருந்தை வேற கம்பெனி மாத்திரையா கொடுத்தப்ப எல்லாம் நான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு இருந்தேன், முதலாளி போன் பில்லைப் பாத்து மொறைச்சார்.

மார்ச் 25லயே டாக்டருங்க போன்ல பாத்து மருந்து எழுதலாம்னு விதி வந்துச்சு, வாட்ஸ்அப்ல சீட்டு போட்டோ வந்தா கொடுக்கலாம், பெரிய உதவி. ஆனா அந்த விதியிலயே போதை மருந்து சட்டத்துல வர்ற மருந்தெல்லாம் போன்ல எழுதக்கூடாதுன்னு இருந்துச்சு, குளோபசாம் அப்ப அந்த லிஸ்ட்ல வந்துச்சு. வலிப்புக்காக அதைச் சாப்பிடுற சின்னப் புள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க. ஒரு அப்பா பிப்ரவரி மாசத்துச் சீட்டை வச்சுக்கிட்டு சைக்கிள்ல வந்து நின்னார், வழியில ரெண்டு இடத்துல போலீஸ் நிறுத்தியிருக்காங்க, மகனுக்கு மாத்திரைன்னு மட்டும்தான் சொன்னாராம், என்ன நோய்னு கேட்டப்ப காய்ச்சல்னு சொல்லித் தொலைச்சிட்டார், கொரோனா நேரத்துல காய்ச்சல்னா விடுவாங்களா? உண்மையச் சொல்லியிருந்தா உடனே விட்டிருப்பாங்களேன்னேன். வாய் வரலைம்மான்னார். புதுச் சீட்டு இல்லாம கொடுக்க முடியாது, கொடுக்காம அனுப்பவும் மனசு வரல. கடைசியில டாக்டர் வீட்டுக்கே எங்க கடைப் பையனை அனுப்பி கையெழுத்து வாங்கி வந்து கொடுத்தோம், அவர் வெயில்ல ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தார்.

வலிப்பே இல்லாதவங்களுக்கும் வலிப்பு வந்த வாரம் அது. டாஸ்மாக் மூடின மூணாம் நாள் ஒரு லோடுமேன் ஓடி வந்து, அண்ணனுக்கு இழுத்துக்கிச்சு ஏதாவது மாத்திரை குடுங்கக்கான்னான். தினம் குடிச்சுட்டு இருந்தவங்க சட்டுனு நிறுத்தினா இப்படி வரும், மாத்திரை கவுண்டர்ல சரி பண்ற விஷயம் இல்ல அது, 108க்கு போடுன்னு வெரட்டி விட்டேன்.

கடைக்கு முன்னாடி பிளீச்சிங் பவுடர்ல வட்டம் போட்டிருந்தோம். ஏப்ரல்ல ஒரு நாள் மூணாவது வட்டத்துல நின்ன ஆள் அப்படியே சரிஞ்சார், கைகால் வெட்டுது, வரிசையில நின்ன அத்தனை பேரும் கொரோனா கொரோனான்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிட்டாங்க. நான் கவுண்டரைத் தாண்டி வெளிய வந்து முதல்ல அவர் மாஸ்க்கை இறக்கி விட்டேன், ஒருக்களிச்சுப் படுக்க வச்சு தலைக்கடியில என் துப்பட்டாவை வச்சுட்டு வாட்சைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் கூட இல்ல, நின்னுருச்சு. இதுக்குள்ள ஒருத்தர் தூரத்துல இருந்தே சாவிக்கொத்தை என்மேல வீசுறார், கையில குடும்மான்னு. கிட்ட வர பயம், ஆனா இரும்பு மட்டும் வந்துரணும்! இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தானா நிக்க இருந்தது நின்னது, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் பின்பக்கமே குளிச்சேன், எனக்கும் பயம் இல்லன்னு சொல்லமாட்டேன்.

இதுல ஒண்ணு மட்டும் இன்னும் எனக்குள்ள கெடக்கு. நத்தம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா மாசா மாசம் வருவாங்க, லெவெடிராசிட்டம்னு வலிப்பு மாத்திரை, அறுபது. தனக்குன்னுதான் நெனச்சிருந்தேன். ஊரடங்குல போன் பண்ணி அழுதாங்க, மாத்திரை மகளுக்காம், வேடசந்தூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்காங்க, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது, அம்மாதான் அட்டையப் பிரிச்சு சத்து மாத்திரை டப்பாவுல போட்டு கொண்டுபோய் கொடுத்துட்டு இருந்திருக்காங்க. இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு. 1999லயே கல்யாணச் சட்டத்துல இருந்து வலிப்பை எடுத்துட்டாங்க, அதைக் காரணம் காட்டி கல்யாணத்தை ரத்து பண்ண முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதை அந்தம்மாகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது.

வேடசந்தூர் போற பால் வண்டி டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்தனுப்பினேன். நானே டப்பா வாங்கி, நானே பிரிச்சுப் போட்டு, கவர்ல என் கையாலயே சத்து மாத்திரைன்னு எழுதி கடை நம்பரும் போட்டேன். மருந்துல பொய்ப் பேர் எழுதக்கூடாதுங்கறதுதான் நாங்க முதல் வருஷம் படிக்கிறது. எழுதினேன். ரெண்டு மாசம் அப்படியே போச்சு, பால் சொசைட்டில அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரே வந்து வாங்கிட்டுப் போனாராம்.

ஜூன்ல ஒரு நாள் விடியக்காலை அந்த நம்பருக்கு போன், முதலாளி எடுத்து எனக்கு மாத்தி விட்டார். "அக்கா, என் சம்சாரம் தூக்கத்துல ஒரு மாதிரி கைகால் இழுத்து இப்பத்தான் நின்னுச்சு, அசந்து கெடக்குறா, நீங்க கொடுத்த சத்து மாத்திரையால இருக்குமா?" நான் யோசிக்கவே இல்ல, "ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கீங்களா, வாயில எதுவும் வச்சுராதீங்க தம்பி, நேத்து மாத்திரை போட்டாங்களா இல்லயா பாருங்க"ன்னு படபடன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "சரிங்கக்கா"ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டார். அந்தம்மா போன் பண்ணுவாங்கன்னு ஒரு மாசம் பயந்துட்டே இருந்தேன், பண்ணல.

பஸ் விட்டதுக்கு அப்புறம், மழைக்காலத்துல, ஒரு ஆள் கடைக்கு எதிர்ல ரொம்ப நேரம் நின்னுட்டு, கூட்டம் கொறைஞ்சதும் வந்து மடிச்ச அட்டைய நீட்டினார். குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். அறுபது மாத்திரை எண்ணி வச்சு, நைட்டு சரியா தூங்கச் சொல்லுங்க, நேரம் தவறாம போடச் சொல்லுங்கன்னேன், தலையாட்டினார். "வேடசந்தூர்லயே இது கிடைக்குமே தம்பி, எதுக்கு பஸ் சார்ஜ்"னு கேட்டேன்.

"இல்லங்கக்கா, இங்கயே வாங்கிக்கிறேன்"னார், அட்டையை சட்டை உள்பாக்கெட்ல வச்சுக்கிட்டே.