கைப்பிடியைத் தராசில் வைக்கச் சொல்லும் வாத்தியார்

செயின் ஓட்டல்களில் ஏரியா மேனேஜர், ஆபரேஷன்ஸ் ஹெட் என்று ஓடியவர்கள் கல்லூரியில் ஓட்டல் தொழில் பாடம் எடுக்க வருவதற்கு இப்போது வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் கொண்டுவந்த ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ விதிப்படி 15 வருட அனுபவம் வேண்டும், பிஎச்டி கட்டாயமில்லை. வேலைக்குச் சேர்வது சுலபம், சறுக்குவது வகுப்பில்தான்.

நூறு கிளை, சென்ட்ரல் கிச்சன், பில்லிங் சாஃப்ட்வேர் என்று பேசுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவனோ குடியாத்தத்தில் எட்டு டேபிள் ஓட்டலுக்குப் போகப்போகிறவன். அவனுக்கு ஸ்லைடு வேண்டாம். ஒரு 10 கிலோ தராசு, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர், நூறு பக்க நோட்டு, இவை போதும்.

வேலூர்ப் பக்கம் முதல் பாடம் பிரியாணியாகத்தான் இருக்க முடியும். சீரகசம்பா 1 கிலோ, மட்டன் 1 கிலோ. தம் உடைத்தபின் ஏறத்தாழ 3 கிலோ நிற்கும் என்று வையுங்கள். பிளேட்டுக்கு 375 கிராம் என்றால் 8 பிளேட். சப்ளையர் கை தாராளமாகி 430 கிராம் விழுந்தால் 7 தான். சாமான் செலவு மொத்தம் 1,200 ரூபாய் என்றால் பிளேட் 150-லிருந்து 171 ஆகிறது. ஜிஎஸ்டி நீங்கலாக 400 ரூபாய்க்கு விற்றால், விலையில் 37.5 சதவீதமாக இருந்த சாமான் செலவு 43-ஐத் தொடும். யாரும் திருடவில்லை, கரண்டிதான் தின்றது.

ஆம்பூர், வாணியம்பாடி பாய் மாஸ்டர்களிடம் அளவு கேட்டால் “கைக்குத் தெரியும்” என்பார்கள். வாதாடாதீர்கள். தராசில் கிண்ணத்தை வைத்து, அவர் போடும் மிளகாய் விழுதை அதில் போடச் சொல்லுங்கள். மூன்று நாள் எழுதிச் சராசரி எடுங்கள். செயினிலிருந்து வந்தவர் இங்கே மாணவராக உட்கார வேண்டியிருக்கும், அது பலருக்குக் கசக்கும். முள்ளு கத்தரிக்காயையும் காம்பு நீக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுத்தான் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு விலை வைக்க வேண்டும்.

அடுத்தது சூடு. பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல், ஃபிரிட்ஜில் 5-க்குக் கீழ். மிஞ்சிய சாம்பார் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும். வேலூர் வெயிலில் அண்டா தானாக ஆறும் என்று நம்புவது வீண். இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வையுங்கள். சிஎம்சி மருத்துவமனை எதிரே ஓட்டல் வைக்கிறவனுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அங்கே சாப்பிடுவது நோயாளிகளும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அவர்களோடு வந்து தங்கியிருக்கும் உறவினர்களும். காரம் குறைந்த மெனு ஒன்று தனியாக எழுதவும் பழக்குங்கள்.

படிப்பு முடிந்து ஓட்டலுக்குப் போன மாணவனுக்குக் கைகொடுப்பது வேறு வேலை. பையன்கள் வேலையை விட்டு ஓடிப்போவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அழைப்பதானால் மாலை 3:30-லிருந்து 5:30-க்குள் அழையுங்கள். மதியக் கூட்டம் வடிந்து, ராத்திரி அடுப்பு ஏறாத நேரம் அதுதான். “எப்படிப்பா இருக்கே?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன் சார்” என்று முடித்துவிடுவான். நேற்று எத்தனை பிளேட், எவ்வளவு மிஞ்சியது, 19 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், சிலிண்டர் மாற்றும் தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள்.