பதினான்கு பகுதி, ஒரே அடிதடி

மார்ச் 3, திங்கள்

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டதை இன்று எடுத்துவிட்டேன். மாக்ஸிமம் கார்னேஜ். மார்வல் 1993-இல் வெளியிட்ட ஸ்பைடர்மேன் காமிக்ஸ் கிராஸ்ஓவர், மொத்தம் 14 பகுதி. அப்போது மாதாமாதம் வந்துகொண்டிருந்த நான்கு ஸ்பைடர்மேன் இதழ்களிலும் மாறி மாறி ஓடும் கதை இது. முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் மட்டும் ஸ்பைடர்மேன் அன்லிமிடெட் என்ற புது இதழில் வந்தன. அந்த இதழ் தொடங்கியதே இந்தக் கதையோடுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்பை நண்பன் ஒருவன் கொடுத்தான். கொடுக்கும்போதே ஒரு மாதிரி சிரித்தான், அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதல் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. கிளீட்டஸ் கசாடி என்ற தொடர் கொலைகாரனிடமிருந்து சிம்பயோட் (உடம்பில் ஒட்டி வாழும் வேற்றுக்கிரக ஜந்து, அது ஒட்டினால் அவன்தான் கார்னேஜ்) போய்விட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அது எங்கும் போகவில்லை, அவன் ரத்தத்திலேயே கலந்து கிடக்கிறது. ராவன்கிராஃப்ட் மனநோய் விடுதியில் இருந்து தப்பிக்கிறான். போகிற வழியில் ஷ்ரீக் என்ற பெண்ணையும் அவிழ்த்துவிடுகிறான். மறுபக்கம் பீட்டர் (ஸ்பைடர்மேன்தான்), சிநேகிதன் ஹாரி ஆஸ்போர்னை அடக்கம் செய்துவிட்டு வருகிறான், கொஞ்ச நாள் அந்த முகமூடியைக் கழற்றி வை என்று மனைவி மேரி ஜேன் கேட்கிறாள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது எனக்குப் பிடித்தது. இன்று இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு, மூன்று, நான்கு. வேகமாகப் போகிறது.

கார்னேஜ் ஒரு குடும்பம் சேர்க்கிறான். அவன் அப்பா, ஷ்ரீக் அம்மா. முதல் பிள்ளை டாப்பல்கேங்கர், ஸ்பைடர்மேன் மாதிரியே இருக்கும் ஆனால் ஆறு கை, பேசத் தெரியாது. 1992-இல் வேறொரு பெரிய கிராஸ்ஓவரில் வந்து மிச்சமான ஜந்து அது, அங்கே வேலை முடிந்ததும் யாருக்கும் வேண்டாமல் தெருவில் திரிந்ததை ஷ்ரீக் தத்தெடுத்துக்கொள்கிறாள். ஆறு கையுள்ள ஒரு பயங்கரத்தைத் தலை தடவி “என் கண்ணே” என்கிற தோரணையில் அவள் கொஞ்சுகிறாள் பாருங்கள், இந்தக் கதையிலேயே நிஜமாக வயிற்றைக் கலக்குவது அதுதான். ரத்தம் எல்லாம் அப்புறம். பின்னாலேயே டெமோகாப்ளின், கேரியன் என்று இன்னும் இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள்.

ஸ்பைடர்மேன் பக்கம் நிற்கும் டாகர் ஷ்ரீக்கின் தாக்குதலில் விழுகிறாள். அவள் ஜோடி கிளோக் கதறுகிறான். செத்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், நான் மட்டும் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் காமிக்ஸ் படித்தவனுக்கு அந்த அளவுக்காவது விவரம் இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்பைடர்மேனின் பழைய எதிரி, இன்னொரு சிம்பயோட்காரன் வெனமும் வந்துவிட்டான். இந்தக் கதைக்குக் கொஞ்சம் முன்புதான் அவனும் ஸ்பைடர்மேனும் “நீ என் வழிக்கு வராதே, நான் உன் வழிக்கு வரமாட்டேன்” என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கார்னேஜ் அவனுடைய சிம்பயோட்டின் பிள்ளை. அப்பன் வந்து மகனை அடக்க வேண்டியிருக்கிறது, ஆக இங்கேயும் குடும்ப விவகாரம்தான்.

மார்ச் 6, வியாழன்

ஐந்து, ஆறு, ஏழு. ம்ம்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான்: கூட்டம் ஒரு இடத்தில் புகுந்து ஜனங்களைக் கொல்கிறது. ஸ்பைடர்மேன் வருகிறான், விலா எலும்பு வலிக்கிறது என்கிறான், அடி வாங்குகிறான். வெனம் “கொன்றுவிடலாம்” என்கிறான், ஸ்பைடர்மேன் “கூடாது, நாமும் அவர்களும் ஒன்றாகிவிடுவோம்” என்கிறான். இவர்கள் வாதாடி முடிப்பதற்குள் கூட்டம் தப்பித்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் யாராவது புதிதாக வந்து நிற்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

வேதாளம் முருங்கை மரம் ஏறுவது மாதிரி என்று எழுத வந்தேன், ஆனால் வேதாளமாவது ஒவ்வொரு தடவையும் புதுக்கதை சொல்லும்.

ஒரு காட்சி மட்டும் விதிவிலக்கு. ஃபயர்ஸ்டார் என்ற நாயகியின் கதிர் பட்டு கார்னேஜ் வெந்துகொண்டிருக்கிறான், சிம்பயோட்டுக்கு நெருப்பும் சத்தமும்தான் எமன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் முடிந்தது. ஒரு பக்கம் வெனம் “விடாதே” என்று கத்துகிறான், மறுபக்கம் ஸ்பைடர்மேன் “நிறுத்து” என்கிறான், நடுவில் அந்தப் பெண். வாய்ப்பேச்சாக இருந்த வாதம் முதல்முறையாக ஒரு ஆளின் கையில் வந்து நிற்கிறது. இதை வைத்தே கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஏழு பகுதி மிச்சம் இருக்கிறதே, என்ன செய்வது.

மார்ச் 8, சனி

இன்று ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஏன் அலுக்கிறது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர்கள் நான்கு பேர்: டாம் டிஃபால்கோ, ஜே.எம். டிமட்டேயஸ், டெரி கவனா, டேவிட் மிக்கலைனி. யாரும் கைதேராதவர்கள் இல்லை. மிக்கலைனி வெனமையும் கார்னேஜையும் உருவாக்கியவர்களில் ஒருவர். ஆனால் ஒரு கயிற்றை நான்கு பேர் கைமாற்றிக்கொண்டே இழுக்கும்போது, யாரும் பெரிதாக எதையும் உடைத்துவிட முடியாது. அடுத்தவருக்கு அதே ஆட்கள் உயிரோடு, அதே நிலைமையில் வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் கொஞ்சம் அடித்து, கொஞ்சம் துரத்தி, பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். இது என் ஊகம்தான், ஆனால் படிக்கும்போது அப்படித்தான் தெரிகிறது.

ஓவியர்கள் மாறுவது மட்டும்தான் ஆறுதல். மார்க் பாக்லி வரைந்த பகுதி வந்தால் எல்லாம் வழவழப்பாக, ஆட்கள் இளமையாக இருக்கிறார்கள். ஸால் புஸெமா வந்தால் முகமெல்லாம் கோணம், வாய் முழுசாகத் திறந்திருக்கும், ஒரு குத்து விட்டால் வாங்கியவன் கைகால் நான்கும் நாலு திசையில் பறக்கப் பின்னால் போவான். அந்தக் குத்துக்கு நான் ரசிகன். சத்தம் எழுத்தில் போடாவிட்டாலும் காதில் விழும்.

மார்ச் 9, ஞாயிறு

எட்டு, ஒன்பது. ஷ்ரீக்கின் சக்தியால் நியூயார்க் ஜனங்களுக்கே வெறி பிடித்துத் தெருவில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனை. பாதி நகரம் பைத்தியமானால் யாரைக் காப்பாற்றுவது, யாரிடமிருந்து காப்பாற்றுவது? ஆனால் இரண்டு பக்கம் ஆவதற்குள் மறுபடியும் மொட்டை மாடியில் அடிதடி. பிளாக் கேட், மார்பியஸ், கேப்டன் அமெரிக்கா, அயர்ன் ஃபிஸ்ட், டெத்லாக் என்று ஸ்பைடர்மேன் பக்கம் ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. ஆள் சேரச் சேரக் கதை மெலிகிறது. வில்லன்கள் ஐந்து பேர்தானப்பா!

விலா எலும்பு இன்னும் வலிக்கிறது. எத்தனை தடவை சொல்கிறான் என்று எண்ண ஆரம்பித்தேன், நடுவில் கணக்கு விட்டுப்போய்விட்டது, திரும்பப் போய் எண்ணும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 12, புதன்

படிக்கவில்லை. ஆனால் இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அதே 1993-இல் டிசி காமிக்ஸில் நைட்ஃபால் என்ற பேட்மேன் கதை ஓடியது. முந்தைய வருஷம் சூப்பர்மேனைச் சாகடித்து இதழ்களைக் குவியல் குவியலாக விற்றிருந்தார்கள், அதனால் எல்லோருக்கும் பெரிய கதை, நீளக் கதை வேண்டியிருந்த காலம். நைட்ஃபாலும் பார்க்கப்போனால் ஒரே மாதிரிதான். பேன் என்ற வில்லன் ஆர்க்கம் மனநோய் விடுதியிலிருந்து எல்லோரையும் திறந்துவிடுகிறான், பேட்மேன் ஒவ்வொருவராகப் பிடிக்கிறான். இதழுக்கு இதழ் அதே வேலை. அங்கே எனக்கு அலுக்கவில்லை. ஏன்?

அங்கே ஒவ்வொரு சண்டையும் அவனிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டு போகிறது. தூக்கம் போகிறது, நிதானம் போகிறது, கடைசியில் பதினொன்றாம் பகுதியில் (பேட்மேன் 497-ஆம் இதழ்) வீட்டுக்குத் திரும்பும்போது பேன் காத்துக்கொண்டிருக்கிறான், முதுகை முறிக்கிறான். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் முந்தைய பத்துப் பகுதியும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. இங்கே பீட்டரின் விலா எலும்பு அந்த வேலையைச் செய்ய வேண்டியது. வலிக்கிறது என்று சொல்கிறான், ஆனால் வலி எதையும் தடுக்கவில்லை. முதல் நாள் எப்படித் தாவினானோ அப்படியே ஒன்பதாம் பகுதியிலும் தாவுகிறான். வலி வசனத்தில் இருக்கிறது, உடம்பில் இல்லை.

சரி, இதைச் சொல்லிவிட்டேன். தூங்குகிறேன்.

மார்ச் 15, சனி

அக்கா வந்திருந்தாள், கூடவே அவள் மகன். பதினான்கு வயது, இதுவரை ஸ்பைடர்மேனைத் திரையில் மட்டும் பார்த்தவன். மேஜையில் கிடந்த தொகுப்பை எடுத்தான். நான் எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது சோபாவில் தலைகீழாகப் படுத்து, காலைச் சுவரில் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். நடுவில் எங்கேயோ திறந்திருக்கிறான், பத்தாம் பகுதி.

“டேய், முதலிலிருந்து படிடா, ஒன்றும் புரியாது.”

“எல்லாம் புரியுது மாமா. இவ அம்மா, இவன் அப்பா, இந்த ஆறு கைக்காரன் பிள்ளை. இவங்க எல்லாரையும் கொல்லணும்னு இவன் சொல்றான், கூடாதுன்னு இவன் சொல்றான். இவனுக்கு விலா எலும்பு உடைஞ்சிருக்கு.”

நான் பன்னிரண்டு நாளாக முட்டிக்கொண்டிருந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டான். அப்புறம்தான் உறைத்தது: எனக்கு எரிச்சலாக இருந்த ஒவ்வொரு வசனமும் இவனுக்காக எழுதியது. ஒவ்வொரு இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழ் என்பது அந்தத் தொழிலில் பழைய பாடம். நான்கு இதழ்களில் ஒன்றை மட்டும் வாங்குகிறவன் மற்ற மூன்றையும் பார்த்திருக்கமாட்டான். அவனுக்கு முன்கதைச் சுருக்கம் வேண்டும், அதைத் தனிப்பெட்டியில் போடாமல் பாத்திரங்கள் வாயிலேயே திணித்துவிட்டார்கள். அப்போது படித்தவர்களுக்கு ஒரு பகுதிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி, மறந்திருப்பார்கள். நான் ஒரே வாரத்தில் ஒன்பதைத் தின்றுவிட்டு வயிறு சரியில்லை என்கிறேன்.

இதனால் நைட்ஃபால் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று அர்த்தமில்லை. அதுவும் இதழ் இதழாகத்தானே வந்தது.

பையன் பத்தையும் பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினான். முதல் பகுதியை அவன் கேட்கவே இல்லை.

மார்ச் 17, திங்கள்

பத்திலிருந்து பதிமூன்று வரை ஒரே மூச்சில். சண்டைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

குடும்பம் உள்ளுக்குள்ளேயே உடைகிறது. குழந்தைகளைக் கொல்ல டெமோகாப்ளினுக்கு மனசில்லை. டாப்பல்கேங்கரைக் கார்னேஜே முடித்துவிடுகிறான், ஷ்ரீக் அழுகிறாள். நான் கிண்டல் செய்துகொண்டிருந்த அந்த ஜந்துவுக்காக எனக்கும் ஒரு நிமிடம் என்னவோ போல ஆகிவிட்டது. டாகர் திரும்பி வந்துவிட்டாள் (சொன்னேனே). நல்ல உணர்வுகளை எதிரி மேல் பாய்ச்சும் ஒரு கருவி வேறு வருகிறது. வெறுப்பைப் பரப்பும் ஷ்ரீக்குக்கு எதிராக அப்படி ஒன்று, என்ன சொல்ல வருகிறார்கள் என்று புரிகிறது. ஆனால் பத்துப் பகுதிக்கு மேல் “கொல்லலாமா கூடாதா” என்று வாதாடிவிட்டு, பதிலை ஒரு இயந்திரத்திடம் கொடுத்தது ஏமாற்றுவேலை. ஃபயர்ஸ்டார் ஞாபகம் வந்தாள்.

மார்ச் 22, சனி

முடித்துவிட்டேன். கார்னேஜ் செத்ததாக நினைத்தபின் மறுபடியும் எழுந்து வருகிறான், வெனம்தான் கடைசியில் அவனை வீழ்த்துகிறான், அவெஞ்சர்ஸ் வந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். இத்தனை நாள் எங்கே ஐயா இருந்தீர்கள் மொத்தப் பேரும்?

முடித்த கையோடு ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் 200-ஆம் இதழைத் தேடி எடுத்துப் படித்தேன். ஹாரி சாகும் இதழ், டிமட்டேயஸ் எழுத்து, புஸெமா ஓவியம். கடைசிப் பக்கங்களில் ஒரு வார்த்தை கிடையாது, பலூன் கிடையாது. பறக்கும் குத்துக்களை வரைந்த அதே கை, ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் ஒருவனையும் பக்கத்தில் இருக்கும் சிநேகிதனையும் அவ்வளவு அமைதியாக வரைந்திருக்கிறது. அதே எழுத்தாளர், அதே ஓவியர், அடுத்த 201-ஆம் இதழ் என்ன தெரியுமா? மாக்ஸிமம் கார்னேஜ், ஐந்தாம் பகுதி. அந்த மௌனத்துக்குப் பின்னால் துக்கம் கேட்க ஒரு இதழ்கூடக் கிடைக்கவில்லை பீட்டருக்கு, நேராக மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

தொகுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பன் மறுபடியும் அதே மாதிரி சிரித்தான்.

“அடுத்து குளோன் சாகா எடுத்துக்கறியா?”

அதுவும் ஸ்பைடர்மேன் கதைதான், 1994 அக்டோபரில் தொடங்கி 1996 டிசம்பர் வரை ஓடியது அது. போடா என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு, முதல் தொகுப்பு எத்தனை பக்கம் என்று அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.